9.80665 என்று விடை அனுப்பிய மாணவர்

ஒரு மணி நேர விரிவுரையைப் படம்பிடித்து, அதை ஆறு அங்குலத் திரையில் பார்க்கச் சொல்லிவிட்டு, அதற்குக் கைபேசிவழிக் கல்வி என்று பெயர் சூட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வகுப்பறையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்காவது கரும்பலகை முழுதாகத் தெரியும். போனில் பார்ப்பவருக்கு என் தலை கட்டைவிரல் நகம் அளவில் தெரியும். நான் எழுதும் சமன்பாடு எறும்பு வரிசை போல ஊரும். நான் இணையவழியில் இயற்பியல் கற்பிக்கிறேன். பள்ளியை எப்போதோ முடித்து, வேலையும் வீடுமாக இருந்துகொண்டு, மாலையில் ஒரு சான்றிதழ்ப் படிப்புக்கு வருபவர்கள் என் மாணவர்கள். அவர்களில் பெரும்பாலோரிடம் இருக்கும் ஒரே கணினி அவர்களுடைய போன்தான். எனவே போன் நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்துக்கு எனக்கு நேரமில்லை. அதைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதுதான் என் கவலை.

1972-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் வேலை பார்த்த ஆலன் கே, ‘டைனாபுக்’ என்றொரு கருவியைக் காகிதத்தில் விவரித்தார். குறிப்பேட்டின் அளவில், கையோடு தூக்கிச் செல்லக்கூடிய, குழந்தைகளுக்கான கணினி. குழந்தை அதில் வரைய வேண்டும், இசை அமைக்க வேண்டும், தானே நிரல் எழுதிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. 2007-இல் ஐபோனும் 2010-இல் ஐபேடும் வந்தபோது கருவி ஏறக்குறைய அவர் சொன்ன வடிவத்திலேயே வந்து சேர்ந்தது. பார்ப்பதற்கும் கேட்பதற்கும் வாங்குவதற்கும் அதில் வசதி ஏராளம். செய்துபார்க்கிற பகுதிதான் பின்வரிசைக்குப் போய்விட்டது. போய்விட்டதே தவிர, அழிந்துவிடவில்லை. ஒவ்வொரு போனுக்குள்ளும் அது ஒளிந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலான இணையப் படிப்புகள் அதைத் தொடுவதே இல்லை.

நான் சொல்வது உணரிகளை. திரையைச் சாய்த்தால் படமும் திரும்புகிறதே, அதற்காகவே வேக மாற்றத்தை அளக்கும் ஒரு முடுக்கமானி உள்ளே இருக்கிறது. வரைபடத்தில் திசை காட்டுவதற்கு ஒரு காந்தமானி. பல போன்களில் சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப்பும், சிலவற்றில் காற்றழுத்தமானியும் உண்டு. ஒலிவாங்கியும் கேமராவும் சொல்லவே வேண்டாம். நான் கல்லூரியில் படித்தபோது இவற்றில் பாதி எங்கள் ஆய்வுக்கூடத்தில் இல்லை. இருந்த மீதியும் கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடந்தது. ஜெர்மனியின் ஆஹன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2016-இல் ‘ஃபைஃபாக்ஸ்’ என்ற இலவசச் செயலியை வெளியிட்டார்கள். போனின் உணரிகள் சொல்வதை அப்படியே வரைபடமாகக் காட்டும். எண்களை அட்டவணைக் கோப்பாக எடுத்துக்கொள்ளவும் விடும். என் படிப்பில் பாதிப் பாடங்கள் இன்று அதன் மேல்தான் நிற்கின்றன.

முதல் வாரத்தில் நான் பாடமே நடத்துவதில்லை. போனை மேஜைமேல் படுக்கவைத்து, முடுக்கமானியைத் திறந்து, என்ன தெரிகிறது என்று எழுதி அனுப்பச் சொல்வேன். ஒவ்வொரு அணியிலும் அதே குழப்பம் வரும், அதற்காகத்தான் காத்திருப்பேன்.

"மேடம், என் போனில் ஏதோ கோளாறு. சும்மா கிடக்கும்போதே 9.8 என்று காட்டுகிறது."

"சும்மா கிடந்தால் எவ்வளவு காட்ட வேண்டும்?"

"பூஜ்யம்தானே மேடம்? அது நகரவே இல்லையே."

இந்த இடத்தில் பதில் சொல்லிவிட்டால் பாடம் கெட்டுவிடும். ஆகவே அடுத்த கட்டளையைப் போடுவேன்: முழங்கால் உயரத்திலிருந்து போனைக் கட்டிலின் மெத்தைமேல் விடுங்கள், விழும்போது என்ன காட்டுகிறது என்று பாருங்கள். (மெத்தைமேல் மட்டும், முழங்கால் உயரத்திலிருந்து மட்டும் என்று மூன்று முறை எழுதியிருப்பேன். யாருடைய திரையும் என் பாடத்துக்காக உடையக் கூடாது.) அரை மீட்டர் உயரத்திலிருந்து விழ ஏறக்குறைய 0.32 நொடி ஆகும். அந்தக் கண நேரத்தில் வரைபடக் கோடு 9.8-இலிருந்து சரிந்து பூஜ்யத்தை ஒட்டிப் படுத்துவிடும். பிறகு மெத்தையில் மோதியதும் ஒரு கூரான மலை.

அசையாத போன் 9.8 காட்டுகிறது, விழுகிற போன் பூஜ்யம் காட்டுகிறது. உலகமே தலைகீழாகிவிட்டது போன்ற முகத்தோடு அடுத்த வகுப்புக்கு வருவார்கள். அப்போதுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வேன். சிலிக்கானில் செதுக்கிய மிக நுண்ணிய எடை ஒன்று, அதைத் தாங்கும் அதே அளவு நுண்ணிய வில்கள் (ஸ்பிரிங்குகள்). எடை ஒருபுறம் ஒதுங்கினால் பக்கத்திலுள்ள தகடுகளுக்கிடையே மின்தேக்குதிறன் மாறும். அந்த மாற்றத்தைத்தான் போன் எண்ணாகக் காட்டுகிறது. மேஜை போனைக் கீழிருந்து தாங்குகிறது, வில் எடையைத் தாங்குகிறது, ஆகவே வில் வளைந்தே இருக்கிறது. விழும்போது போனும் உள்ளிருக்கும் எடையும் சேர்ந்தே விழுகின்றன. யாரும் யாரையும் தாங்க வேண்டியதில்லை. 1907-இல் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த ஐன்ஸ்டைனுக்குத் தோன்றிய எண்ணமும் இதுதான்: தடையின்றி விழுகிற ஒருவர் தன் எடையை உணரமாட்டார். ஈர்ப்பைப் பற்றிய அவருடைய பொதுச் சார்பியல் கோட்பாட்டுக்கான வாசல் அது. அந்த வாசல் வரைக்கும் மாணவரை ஒரு மெத்தையும் போனும் கூட்டிக்கொண்டு போய்விடுகின்றன. எந்தக் காணொளியாலும் இதைச் செய்ய முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் காணொளியில் விழுவது வேறு யாருடைய போனோ. தன் போனைக் கைவிட்டவருடைய கேள்வி வேறு மாதிரி இருக்கிறது.

சென்ற அணியில் மின்தூக்கி பராமரிக்கும் வேலையில் இருக்கும் ஒருவர் படித்தார். வகுப்பில் அதிகம் பேசாதவர். மின்தூக்கித் தரையில் போனை வைத்து மேலே போகும்போது பதிவுசெய்யுங்கள் என்ற பயிற்சியை எல்லாருக்கும் கொடுத்திருந்தேன். கிளம்பும்போது கோடு 9.8-க்கு மேலே எழும்பும், நடுவில் சமமாக ஓடும், நிற்கப்போகும்போது கீழே இறங்கும். நடுவில் ஓடும் பகுதியில்தான் விஷயம் இருக்கிறது: சீரான வேகத்தில் ஏறிக்கொண்டிருப்பதும் அசையாமல் நிற்பதும் போனுக்கு ஒன்றே. இதைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகலாம் என்று நினைத்திருந்தேன். அவர் ஒலிவாங்கியைத் திறந்தார்.

"மேடம், கோடு எழும்புகிற இடத்தில் அந்த மூலையைப் பாருங்கள். அது சாய்வாக இருக்கிறது அல்லவா? அது செங்குத்தாக இருந்தால் அன்றைக்கே எங்களுக்குப் புகார் வரும். உள்ளே இருப்பவர்களுக்கு வயிற்றைப் பிசையும்."

முடுக்கத்தின் அளவைவிட அந்த முடுக்கம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைத்தான் உடம்பு முதலில் உணர்கிறது என்று அவர் விளக்கினார். அதைக் கட்டுக்குள் வைப்பது தன் அன்றாட வேலை என்றார். பாடத்திட்டத்தில் அது கிடையாது. அன்று வகுப்பு அரை மணி நேரம் கூடுதலாக ஓடியது, யாரும் வெளியேறவில்லை. தன் கட்டடங்களில் எடுத்த வரைபடங்களை அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். காற்றழுத்தமானி உள்ள போன் அவருடையது. ஒரு மீட்டர் ஏறினால் அழுத்தம் 12 பாஸ்கல் அளவில் குறையும் என்பதால், உயரக் கோட்டையும் முடுக்கக் கோட்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக் காட்ட அவரால் முடிந்தது. மின்தூக்கி எந்தத் தளத்தில் தயங்குகிறது என்பதுகூட அதில் தெரிந்தது. ஆய்வுக்கூடத்துக்கு மாணவர் வரும் முறையில் இது நடந்திருக்காது. அவர் வேலை செய்யும் இடத்துக்கே ஆய்வுக்கூடம் போனதால் நடந்தது. கைபேசிக் கல்வியின் சிறப்பு என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் நான் இந்த மாலையைத்தான் சொல்வேன்.

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி ஒலியின் வேகம். இரண்டு போன்கள் வேண்டும். இரண்டிலும் ஒலிக்கு ஓடி ஒலிக்கு நிற்கும் கடிகாரத்தைத் திறந்து, ஐந்து மீட்டர் இடைவெளியில் வைத்து, ஒவ்வொரு போன் அருகிலும் ஒருவர் நிற்க வேண்டும். முதலாமவர் கைதட்டுகிறார்: அவருடைய போன் உடனே ஓடத் தொடங்கும், எதிரே இருப்பது ஒலி வந்து சேர்ந்த பிறகு தொடங்கும். அடுத்து இரண்டாமவர் கைதட்டுகிறார்: அவருடைய போன் உடனே நிற்கும், முதல் போன் சற்றுத் தாமதித்து நிற்கும். இரண்டு கடிகாரங்களும் காட்டும் நேரத்தைக் கழித்தால், ஒலி போய் வரும் பத்து மீட்டருக்கான நேரம் கிடைத்துவிடும். ஒலி நொடிக்கு 343 மீட்டர் அளவில் ஓடும், 343-ஆல் பத்தை வகுத்தால் ஏறக்குறைய 29 மில்லிநொடி. ஒரு பெண் தன் அம்மாவை இரண்டாவது போனுக்கு நிறுத்தியிருக்கிறார். அம்மா எப்போது தட்ட வேண்டும் என்று புரியாமல் ஒவ்வொரு முறையும் தாமதமாகத் தட்ட, மகள் கோபித்துக்கொள்ள, ஒரே சண்டை. கடைசியில் கணக்குப் போட்டால் விடை சரியாக வருகிறது! அம்மா ஒரு நொடி கழித்துத் தட்டினாலும் ஐந்து நொடி கழித்துத் தட்டினாலும் அந்தத் தாமதம் இரண்டு கடிகாரங்களிலும் சமமாக ஏறுகிறது, கழித்தால் போய்விடுகிறது. கடிகாரங்களை ஒன்றோடொன்று பொருத்தவும் தேவையில்லை. இந்தச் சோதனையை வடிவமைத்தவர்களின் அழகு அந்தக் கழித்தலில் இருக்கிறது. ஏன் சரியாக வருகிறது என்று அம்மாவுக்கு விளக்கியபோதுதான் தனக்கே புரிந்தது என்று அந்தப் பெண் எழுதியிருந்தார்.

இனி தலைப்பில் சொன்னவருக்கு வருகிறேன்.

ஊசல் பயிற்சி மிகவும் பழையது. போனைப் பையிலிட்டுக் கயிற்றில் தொங்கவிட்டு, மெல்ல ஆட்டி, அலைவு நேரத்தை எடுத்து, ஈர்ப்பு முடுக்கத்தை, அதாவது விழும் பொருளின் வேகம் நொடிக்கு நொடி கூடும் அளவான அந்த 9.8-ஐ, கணக்கிட வேண்டும். ஒரு மீட்டர் ஊசலுக்கு அலைவு நேரம் ஏறக்குறைய இரண்டு நொடி. கயிற்றின் நீளத்தில் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் விடையில் நூற்றுக்கு ஒன்று பிசகும். எனவே 9.6, 9.9, 10.1 என்று கலவையாக வரும். அதுதான் நாணயமான விடை. இந்த மாணவர் 9.80665 என்று அனுப்பியிருந்தார். நான்கு வெவ்வேறு நீளங்கள், நான்கிலும் அதே எண்.

9.80665 என்பது யாரும் கயிறு கட்டி அளந்து பெறும் எண் கிடையாது. 1901-இல் எடைகள், அளவைகளுக்கான பொது மாநாட்டில் கூடி, இனி இதையே நியம மதிப்பாகக் கொள்வோம் என்று தீர்மானித்த எண் அது. உண்மையான மதிப்பு நிலநடுக்கோட்டில் 9.78 அளவிலும் துருவங்களில் 9.83 அளவிலும் இருக்கும். பையில் போட்ட போனைக் கொண்டு ஐந்து தசம இடம் வரை மாநாட்டுத் தீர்மானத்தை எட்டிப் பிடித்தவரிடம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "எதில் தொங்கவிட்டீர்கள்?"

சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, உரையாடும் செயலி ஒன்றிடம் அட்டவணை தயாரிக்கச் சொன்னதாக ஒப்புக்கொண்டார். இரவு வேலை முடிந்து வந்த களைப்பு என்றார். நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. செய்துவிட்டு அனுப்புங்கள் என்றேன்.

அடுத்த வாரம் 9.07 என்று அனுப்பினார், "தப்பாக வந்திருக்கிறது மேடம், மன்னிக்கவும்" என்ற குறிப்போடு. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. 9.07 என்பது சும்மா வரும் தப்பு இல்லை, அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். தொங்கவிட்டதைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். போன் நெடுக்குவசத்தில் தொங்குகிறது. அவர் கயிற்றை முடிச்சு வரை மட்டும் அளந்து ஒரு மீட்டர் என்று எழுதியிருக்கிறார். போனின் நிறைமையம் முடிச்சுக்குக் கீழே இன்னும் எட்டு சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. ஊசலுக்கு உண்மையான நீளம் 1.08 மீட்டர். "போனின் பாதி நீளத்தை எங்கே விட்டீர்கள்?" என்று மட்டும் எழுதினேன். பத்தே நிமிடத்தில் 9.8-ஐ ஒட்டிய விடை வந்தது, கூடவே நான்கு வியப்புக்குறிகள்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி என்னிடம் கருத்துக் கேட்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்கிறேன். அவர்கள் எதிர்பார்க்கும் பக்கத்தில் நின்று சொல்வதில்லை. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து என் மாணவர்கள் நள்ளிரவில் சந்தேகம் கேட்க ஓர் ஆள் கிடைத்திருக்கிறது. நான் அந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பேன். தட்டச்சு வராதவர்கள் பேசியே கேட்கிறார்கள். நான் இரண்டு விதத்தில் சொல்லிக் கொடுத்தால் அது ஏழு விதத்தில் சொல்கிறது, சலித்துக்கொள்வதும் இல்லை. 1984-இல் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம், தனி ஆசிரியரிடம் கற்றவர்கள் சாதாரண வகுப்பில் கற்றவர்களைவிட இரண்டு திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) மேலே நின்றதாக எழுதினார். 2011-இல் கர்ட் வான்லென் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அது 0.79 அளவுக்கு இறங்கிவிட்டது. அந்த இறங்கிய அளவே பெரிதுதான். ஆகவே எல்லாருக்கும் ஒரு தனி ஆசிரியர் என்ற ஆசையை நான் கேலி செய்யமாட்டேன்.

நான் கண்டவரை வித்தியாசம் இங்கேதான் வருகிறது: கேள்வியோடு மாணவர் தன் சொந்த அளவீட்டையும் கொண்டுபோனால் அந்தச் செயலி நல்ல துணை. வெறுங்கையோடு போனால் அது அளவீட்டையே கற்பனை செய்து கொடுத்துவிடும், அதுவும் கைநடுக்கமே இல்லாத அளவீடு. உண்மையான தரவில் கயிறு முறுக்கிக்கொண்டதும், காற்றாடி ஓடியதும், யாரோ கதவைச் சாத்தியதும் எல்லாம் கோட்டில் தெரியும். இப்போது நான் விடையைக் கேட்பதைக் குறைத்துவிட்டேன். கோட்டில் ஒரு விசித்திரமான இடத்தைக் காட்டி, அப்போது என்ன நடந்தது என்று எழுதுங்கள் என்கிறேன். படிக்கவும் அது சுவையாக இருக்கிறது.

சரி, காணொளிகளை விட்டுவிட்டேனா என்றால் இல்லை. ஆனால் சுருக்கிவிட்டேன். பிலிப் குவோ முதலானவர்கள் 2014-இல் எட்எக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளத்தில் 69 லட்சம் முறை காணொளிகள் பார்க்கப்பட்டதை ஆராய்ந்து, காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவர்களில் பாதிப் பேராவது ஆறு நிமிடத்துக்கு மேல் தங்குவதில்லை என்று கண்டார்கள். என் மாணவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. நொடிக்கு ஒரு மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரக் காணொளி 450 மெகாபைட்டைத் தின்றுவிடும். அதே ஒரு மணி நேரப் பேச்சை 32 கிலோபிட்டில் ஒலியாக மட்டும் கொடுத்தால் 14.4 மெகாபைட். பேச்சுக்கு அந்தத் தரம் தாராளம். எனவே ஒரு பாடத்துக்கு ஒரு நிலையான படம், அதன்மேல் என் குரல் என்று மாற்றிக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது கேட்கிறார்கள். நான் கையை ஆட்டி ஆட்டி விளக்குவது யாருக்கும் தெரிவதில்லை. அதனால் ஒரு நட்டமும் வரவில்லை.

இரண்டு பத்தி வரிசையில் அச்சான பிடிஎஃப் கோப்பை மாணவருக்கு அனுப்புகிறவர்கள் முதலில் அதைத் தங்கள் போனில் ஒரு பக்கம் படித்துக் காட்ட வேண்டும் என்று சட்டம் கொண்டுவரலாம். விரலால் பெரிதாக்கு, வலப்பக்கம் தள்ளு, வரி முடிந்ததா, இடப்பக்கம் இழு, கீழே போ, மறுபடி மேலே ஏறி அடுத்த வரிசைக்கு வா. இணைய அணுகல்தன்மைக்கான சர்வதேச வழிகாட்டி 2018-இலேயே இதற்கு அளவு சொல்லிவிட்டது: 320 பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டில் தள்ளாமல் படிக்க முடிய வேண்டும். அதைச் செய்ய மந்திரம் எதுவும் வேண்டாம். எழுத்தை ஒரே வரிசையாக ஓடவிட்டாலே போதும்.

போனில் சமன்பாடு தட்டச்சு செய்யச் சொல்வதும் அதே ரகம். பின்னத்துக்குள் வர்க்கமூலம் போட ஒருவர் திணறும் நேரத்தில் மூன்று கணக்குகளைத் தாளில் போட்டு முடித்துவிடலாம். என் வகுப்பில் எல்லாம் தாளில்தான். படம் எடுத்து அனுப்பினால் போதும். நான் அந்தப் படத்தின் மேலேயே விரலால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புகிறேன். போனில் விடை எழுத உகந்த விசைப்பலகை அதன் கேமராதான். தாளின்மேல் போனின் நிழல் விழாமல் படம் எடுப்பது எப்படி என்பதையும் நான்தான் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது என்பது வேறு கதை.

சட்டைப்பையிலேயே இருப்பது போனின் இன்னொரு குணம். இதை நான் கேள்விகள் அனுப்பப் பயன்படுத்துகிறேன். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களும், படித்துவிட்டுப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களும் என்று இரண்டு கூட்டம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் நிலைமை தலைகீழ். எனவே மூன்று வாரத்துக்கு முந்தைய பாடத்திலிருந்து ஒரே ஒரு கேள்வி, குறுஞ்செய்தியாக, சொல்லாமல் கொள்ளாமல் போகும். விடையை எனக்கு அனுப்ப வேண்டியதில்லை. முதலில் திட்டினார்கள். இப்போது ஒரு நாள் அனுப்பாவிட்டால் உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார்கள்.

மெய்நிகர் கண்ணாடி, மிகை மெய்மை எல்லாம் எப்போது கொண்டுவரப் போகிறீர்கள் என்று நிர்வாகத்திலிருந்து ஆண்டுதோறும் ஒரு கடிதம் வரும். தலையில் மாட்டும் திரையைக் கணினி விஞ்ஞானி ஐவன் சதர்லேண்ட் 1968-இலேயே செய்து காட்டிவிட்டார், நான் அவசரப்படவில்லை. வகுப்பறைகளை உலகம் சுற்றிக் காட்டிய கூகுளின் எக்ஸ்பெடிஷன்ஸ் செயலி 2015-இல் வந்து 2021-இல் மூடப்பட்டது. அதைவிட என்னைப் பாதித்தது ஃபிளாஷ், இணையப் பக்கங்களில் அசையும் படங்களை ஓட்டிய அடோபி நிறுவனத்தின் மென்பொருள். இணையத்தில் அருமையான இயற்பியல் மாதிரிகள் எத்தனையோ ஃபிளாஷில் செய்யப்பட்டிருந்தன. ஐபோன் அதை ஏற்றதே இல்லை. 2020 டிசம்பர் 31-உடன் அடோபியும் கைவிட்டது. என் பழைய பாடக் குறிப்புகளில் இருக்கும் இணைப்புகளைத் தட்டினால் சாம்பல் கட்டங்கள் மட்டும் தெரிகின்றன. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘ஃபெட்’ குழுவினர் தங்கள் மாதிரிகளை ஒவ்வொன்றாக, எந்த உலாவியிலும் நேரடியாக ஓடும் எச்டிஎம்எல்5-க்கு மாற்றி எழுதினார்கள். அந்தப் பொறுமைக்கு நான் கடன்பட்டவள். அவை போனிலும் ஓடுகின்றன. புதிதாக எதையாவது பாடத்தில் சேர்க்கும் முன், இதைச் செய்தவர்கள் பத்து ஆண்டுக்குப் பிறகும் மாற்றி எழுதுவார்களா என்று பார்க்கிறேன்.

போன்கள் எல்லாம் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். முடுக்கமானி ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கிறது. விலை குறைந்தவற்றில் கைரோஸ்கோப் இருக்காது, காற்றழுத்தமானி அதிலும் அரிது. ஒரு பயிற்சியை எழுதும்போது முடுக்கமானி மட்டும் உள்ள போனில் முடியுமா என்று முதலில் பார்ப்பேன். முடியாவிட்டால் அது விருப்பப் பயிற்சி. ஒலி வேகத்துக்கு இரண்டாவது போன் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். ஒரே போனில் அண்ணனும் தங்கையும் படிக்கும் வீடும் என் பட்டியலில் உண்டு. அவர்களுக்குக் கெடு தேதி வேறு.

இவ்வளவுக்குப் பிறகும் ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். இறுதித் தேர்வு. படிப்பு முழுவதையும் போனில் முடித்தவர்கள், தேர்வை மட்டும் மடிக்கணினியில்தான் எழுத வேண்டும் என்கிறது விதி. கண்காணிப்பு மென்பொருள் போனில் ஓடாதாம். தேர்வு வாரத்தில் என் மாணவர்கள் உறவினர் வீட்டிலும் அலுவலகத்திலும் மடிக்கணினி கேட்டு அலைகிறார்கள். பழகாத விசைப்பலகையில், பழகாத திரையில், தலை திருப்பினாயா என்று கேட்கும் கேமராவின் முன் உட்கார்ந்து, ஈர்ப்பு முடுக்கத்தின் மதிப்பு என்ன என்ற கேள்விக்கு நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் 9.07 இருப்பதில்லை.

தேர்வின் பாதி மதிப்பெண்ணுக்கு மாற்றாக ஒவ்வொருவரும் தன் வீட்டில் எடுத்த ஒரு வரைபடத்தையும், அதைப் பற்றிப் பத்து நிமிட நேர்காணலையும் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நேர்காணல் போனிலேயே நடக்கும். எத்தனை மாணவர்கள், எத்தனை ஆசிரியர் மணி நேரம் என்று கணக்குக் கேட்டிருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்போது கண்காணிப்புப் பதிவுகளை உட்கார்ந்து சரிபார்க்க ஆகும் நேரத்தைவிட அது குறைவாகத்தான் வருகிறது. அந்தத் தாளை நேற்று அனுப்பினேன்.